அளவுக்கு ஓர் ஆள்

தேடல் பயணங்களைப் பற்றிய சிறுவர் படப்புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் கப்பலைப் பார்ப்பதில்லை, ராக்கெட்டைப் பார்ப்பதில்லை, கதாநாயகனின் முகத்தையும் பார்ப்பதில்லை. படத்தின் ஏதோ ஓரத்தில், மலையடிவாரத்திலோ கிளை நுனியிலோ, நகத்தளவில் ஒரு மனித உருவம் இருக்கும். அதைத்தான் தேடுவேன். அந்தச் சின்ன ஆள் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தால் புத்தகம் தேறிவிட்டது. அவன் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் சும்மா ஒட்டி வைத்ததுபோல் நின்றால், எவ்வளவு வண்ணம் கொட்டியிருந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன்.

இந்தப் பழக்கத்தை எனக்குள் உறுதியாக்கியவர் எங்கள் மொன்றியல்காரர், ழாக் கோல்ட்ஸ்டின். கியூபெக்கில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இவர் கோடு தெரியும். பெலிக்ஸ் மால்த்தே தொடங்கிய ‘லே தெப்ரூயார்’ அறிவியல் இதழின் பச்சைத் தவளை பெப்போ இவர் கையில் பிறந்தது. ‘போரிஸ்’ என்ற பெயரில் அரசியல் கேலிச்சித்திரமும் போடுகிறார். ஆனால் இவரைப் பற்றிய முக்கியமான செய்தி வேறு. இவர் படித்தது ஓவியம் அல்ல, நிலவியல்.

நிலவியலாளர் ஒரு பாறையைப் படம் பிடிக்கும்போதோ குறிப்பேட்டில் வரையும்போதோ பக்கத்தில் தன் சுத்தியலை வைப்பார். சுத்தியல் இல்லையென்றால் ஒரு நாணயம், அதுவும் இல்லையென்றால் கூட வந்த ஆள். அது இல்லாத பாறைப்படத்தால் பயனில்லை. ஒரு சாண் கல்லா, மலைமுகடா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். கோல்ட்ஸ்டின் படங்களில் உள்ள சின்ன மனிதர்களை அந்தச் சுத்தியலாகவே நான் பார்க்கிறேன். அலங்காரத்துக்கு வந்தவர்கள் அல்ல அவர்கள். உலகம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வந்தவர்கள்.

2015இல் லா பாஸ்தெக் பதிப்பகம் வெளியிட்ட ‘லார்ப்ரகான்’ என்ற புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பெர்டோல்ட்’ என்ற பெயரில் வந்தது. தேடல் பயணப் புத்தகங்களின் வரிசையில் இதை வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இதில் கடல் இல்லை, பனிமலை இல்லை. ஒரு சிறுவன், ஊரில் ஒரு பழைய ஓக் மரம், அவ்வளவுதான். ஆனால் அந்த மரத்துக்குள் அவன் போகும் விதத்தைப் பாருங்கள். ஐந்நூறு வயது மரம். கோடைகாலத்தில் இலை மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் இருப்பதே தெரியாது. அவனுக்கோ ஊர் முழுவதும் தெரியும். தரையில் நின்றபோது, சோடி சேராத கையுறை போட்டவன் என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்த சிறிய பையன் அவன். கிளைக்கு ஏறியதும் அளவுகள் தலைகீழாகின்றன. இப்போது ஊரார் சிறியவர்கள். மேலிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆராய்ச்சியாளன் அவன்.

கோல்ட்ஸ்டின் இங்கே செய்யும் வேலை மிக நுட்பமானது. மெல்லிய மைக்கோடு, அதன் மேல் அடங்கிய வண்ணம், சுற்றிலும் தாராளமான வெள்ளை இடம். மரத்தின் பருமனைக் காட்ட அவர் தண்டைத் தடிப்பாக்கவில்லை. பையனைச் சிறியவனாக்குகிறார். பக்கத்தைத் திருப்பும் பிள்ளை முதலில் மரத்தைக் காணும், பிறகு பையனைத் தேடும். அந்தத் தேடலில்தான் மரம் வளர்கிறது. பையனைப் பெரிதாக முன்னால் நிறுத்தியிருந்தால் மரம் வெறும் பின்திரை ஆகியிருக்கும்.

வசந்தம் வருகிறது. மற்ற மரங்கள் துளிர்க்கின்றன, இந்த மரம் மட்டும் துளிர்க்கவில்லை. இறந்துபோன மரத்துக்கு என்ன மரியாதை செய்வது? வீட்டுப் பூனை செத்தால் புதைக்கலாம். நின்றபடியே இறந்த மரத்தை என்ன செய்வது? பையன் தொலைந்த பொருட்களின் பெட்டியிலிருந்து தனிக் கையுறைகளை எடுத்து வந்து, உடுப்புக் கவ்விகளால் கிளை கிளையாக மாட்டுகிறான். வண்ண வண்ணக் கையுறைகள் இலைகளாகின்றன. இந்தப் படத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் கதையின் சோகத்தைப் பேசுவார்கள். நான் அளவைப் பேசுவேன். ஒவ்வொரு கையுறையும் ஒரு பிள்ளையின் கை அளவு. ஐந்நூறு வருட மரத்தைப் பையன் கடைசியில் பிள்ளைகளின் கைகளால் அளந்து முடிக்கிறான். நிலவியல் படித்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு முடிவு தோன்றும் என்பது என் துணிபு.

இது பழைய வித்தைதான், கோல்ட்ஸ்டின் கண்டுபிடித்தது அல்ல. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்று நாம் சொல்லும் பாறைக்கு முன் நின்று பாருங்கள். யானைகள் கிட்டத்தட்ட உயிரளவு. அவற்றைக் கண்ட கண்ணால் மேலே இடது பக்கம் போனால், ஒற்றைக் காலில் கையுயர்த்தி நிற்கும் அந்த எலும்புந்தோலுமான தவசி எவ்வளவு சிறியவர்! யானையின் காலடியில் அவரைப் போலவே தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும். பல்லவச் சிற்பி அந்தப் பெரிய பாறையை முழுவதும் நிரப்பிவிட்டு, கதையின் மையத்தைச் சின்ன உடம்பில் வைத்தான். பார்ப்பவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டான். சிறுவர் படப்புத்தகம் போட நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சிபாரிசு செய்வது அந்தப் பாறையைத்தான்.

ஜூல் வேர்னின் பூமியின் மையத்துக்குப் போகும் நாவலுக்கு எதுவார் ரியூ வரைந்த படங்களும் அதே வம்சம். 1867இல் வந்த படப்பதிப்பில், பாதாளக் கடற்கரையில் காளான் காடு. ஒவ்வொரு காளானும் மரம்போல் எழும்பி நிற்க, அதன் காலடியில் மனிதர்கள். அந்த மனிதர்களை விரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். மழைக்கு முளைத்த சாதாரணக் காளான். விரலை எடுங்கள். மயிர் கூச்செறியும். ஒரு நாவலின் முழு நம்பகமும் அந்தச் சில மில்லிமீட்டர் மனிதர்களின் தோளில் இருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பருவத்துக்கு இந்த வித்தையைக் கொண்டு வந்தது அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் சங்கரின் படம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் அதைவிடச் சித்ரா வரைந்த தொடர்கதைப் படங்களின் ரசிகன். காடு, குகை, கடல், பூதம் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும் பயணங்கள். கொடிகள் தொங்கும் பெரிய மரங்களுக்கு நடுவே, ஈட்டி பிடித்த ஆட்கள் சிறிதாக நடந்து போவார்கள். சங்கர் ஆளை வரைந்தார், சித்ரா இடத்தை வரைந்தார் என்று சொல்வேன். இதற்காகச் சங்கர் ரசிகர்கள் என்னோடு கோபிக்கலாம். பயணக்கதைக்கு இடம்தான் வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. தட்டை நிலம், கடல்நீரேரி, பெரிய வானம். அளவு என்றால் பனைதான். காலையில் சீவல் தொழிலாளி முட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பனையில் ஏறுவார். கீழே நிற்கும்போது என்னைவிட இரண்டு மடங்கு உயரமான மனிதர். வட்டுக்குப் போய்ச் சேரும்போது விரலளவு. பனை எவ்வளவு உயரம் என்று எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. அவர் ஏறி ஏறிக் காட்டினார். அவர் அங்கிருந்து கடலையும் அடுத்த ஊரையும் பார்த்திருப்பார். என்ன தெரிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கோல்ட்ஸ்டினின் மரமேறிப் பையனிடம் எனக்குள்ள பாசத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

இங்கே டின்டின் அன்பர்களுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. பிரெஞ்சு பேசும் ஊரில் டின்டினைப் படைத்த எர்ழேயைக் குறைத்துப் பேசினால் காப்பிக்கடையில் நாற்காலி கிடைக்காது. தெ காஸ்தெல்னோ தெருவில் என்னோடு காப்பி குடிக்கும் நண்பர் ஒருவர் எர்ழே பக்தர். அவர் வாதம் வலுவானது. மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969இல். எர்ழேயின் சந்திரப் பயண ஆல்பம் 1954இலேயே வந்துவிட்டது. அலெக்சாந்தர் அனனோஃப் எழுதிய விண்வெளி நூலை வைத்துப் படித்து, ராக்கெட்டின் ஒவ்வொரு தளத்தையும் கணக்குப் பார்த்துப் போட்டார். சந்திரக் குகைக்குள் உறைபனி இருக்கிறது என்று வேறு வரைந்து வைத்தார். சந்திரயான்-1 அனுப்பிய தரவிலிருந்து சந்திர மண்ணில் நீரின் தடயம் உறுதியானது 2009இல். “இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?” என்பார் நண்பர்.

அறிவில் எனக்குக் குறை இல்லை, கோட்டில்தான் குறை. எர்ழேயின் தெளிகோடு எல்லாப் பொருளுக்கும் ஒரே தடிப்பு. மூக்குக்கும் ஒன்று, தொலைவில் நிற்கும் மலைக்கும் ஒன்று. அதனால் அவருடைய சின்ன மனிதன் சிறியவனாக இருக்கிறானே தவிரத் தூரத்தில் இல்லை. காற்று நடுவில் நுழைவதில்லை. சந்திரனில் காற்றே இல்லை, அதனால் அங்கே இந்தக் கோடு பொருந்திப்போகிறது. அமேசான் காட்டில் பொருந்தவில்லை. 1960இல் ஆல்பமாக வந்த திபெத்துப் பயணத்தில் மட்டும் எர்ழே என்னை வென்றுவிடுகிறார். பனியின் வெள்ளை பக்கத்தை விழுங்க, மூன்று புள்ளிகளாக மனிதர்கள் நடக்கிறார்கள். அங்கே கோடு தளர்கிறது, வெள்ளை பேசுகிறது. அந்த எர்ழேக்கு நான் தலைவணங்குவேன். நண்பருக்கும் எனக்கும் சமாதானம் அந்தப் பனியில்தான் நடக்கும்.

மாறாக, கோல்ட்ஸ்டினின் கோடு நடுங்கும், சில இடத்தில் விட்டுப்போகும். தூரத்து ஆளுக்குக் கை இரண்டு கீறல், தலை ஒரு சுழி. ஆனால் அந்த இரண்டு கீறலில் ஆள் சோம்பலாக நடக்கிறானா, அவசரமாகப் போகிறானா என்று தெரிந்துவிடும். கேலிச்சித்திரம் போட்டுப் போட்டுப் பழகிய கை. குறைத்து வரையத் தெரிந்தவரால்தான் தூரத்தை வரைய முடியும்.

ஆனால் இந்தச் சின்ன ஆள் விஷயத்தில் ஓர் அநியாயமும் உண்டு. அதையும் பேசாமல் ரசனை முழுமையாகாது. அளவுகோலாக நிற்க வைக்கப்பட்டவர்கள் யார்? 1786 முதல் இந்தியாவைச் சுற்றி வரைந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் கோயில்களின் முன்னாலும் அருவிகளின் முன்னாலும் சின்னச் சின்ன மனிதர்களை நிறுத்தினார்கள். ஹம்போல்ட்டின் ஆண்டீஸ் படங்களிலும் அப்படியே. பார்க்க அழகு. ஆனால் அங்கே நிற்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, பார்வை இல்லை. கோயில் எவ்வளவு உயரம் என்று லண்டனில் இருப்பவருக்குச் சொல்வதற்காக நிற்கிறார்கள். பிறகு வந்த சிறுவர் புத்தகங்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டன. கடல்வழி கண்டவன் பெரிதாக முன்னால், கரையில் நின்றவர்கள் சிறிதாகப் பின்னால்.

மொன்றியலில் எங்கள் வில்லரேப் பகுதியின் லெ பிரெவோ நூலகம் கிறிஸ்தோஃப் கொலோம் அவென்யூவில் இருக்கிறது. கனடாவில் கால் வைக்காத கொலம்பஸின் பெயர் தாங்கிய தெரு அது. மொன்றியல் தீவுக்கு உண்மையில் வந்த ழாக் கார்த்தியே 1535இல் ஒஷலாகா என்ற ஊரைக் கண்டார், அங்கே ஏற்கனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முதல் பயணத்திலேயே தொனகோனா என்ற தலைவரின் மகன்கள் இருவரைப் பிரான்சுக்குக் கொண்டுபோனவர் அவர். பிறகு தொனகோனாவையே கொண்டுபோனார். பழைய கார்த்தியே படப்புத்தகங்களில் அவர் நட்ட சிலுவை பக்கத்தின் உச்சிவரை போகும். தொனகோனா சிலுவையின் உயரத்தைக் காட்டும் ஆள் மட்டுமே. அந்தத் தலைவரின் கண்ணிலிருந்து அந்தப் பாய்மரங்கள் எப்படித் தெரிந்தன என்று வரைந்த புத்தகத்துக்குத்தான் நான் காத்திருப்பேன்.

அப்படிப் பார்வையைத் திருப்பிப் போட்ட புத்தகம் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. பஜ்ஜு ஷியாமின் ‘லண்டன் ஜங்கிள் புக்’, தாரா புக்ஸ், 2004. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்துக் கோண்டு ஓவியர். போபாலில் இரவுக் காவலாளி வேலை பார்த்தவர். லண்டன் உணவகம் ஒன்றின் சுவரில் வரைய அழைக்கப்பட்டுப் போனார். திரும்பி வந்து, பழைய வெள்ளைக்காரப் பயணிகள் தன் மக்களைப் பற்றி எழுதியதுபோல லண்டன்காரர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். விமானம் பறக்கும் யானை. பாதாள ரயில் மண்புழு. தினமும் ஏறிய முப்பதாம் எண் பேருந்து விசுவாசமான நாய். பிக் பென் கோபுரம், நேரம் சொல்லும் சேவலோடு சேர்ந்துவிடுகிறது. இரவில் மதுக்கடைக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள்.

என் சின்ன ஆள் கொள்கைக்கு இந்தப் புத்தகம் நேர் எதிர். இங்கே அளவே இல்லை. சேவல் கோபுரத்தளவு, ஏனென்றால் நேரம் சொல்வதில் இரண்டும் சமம். கோண்டு ஓவியத்தில் பெரியது எது என்பதை உயரம் தீர்மானிப்பதில்லை, முக்கியத்துவம் தீர்மானிக்கிறது. சுத்தியல் வைத்து அளக்க ஆசைப்படும் எனக்கு இது சவால்தான். ஆனால் பல தடவை புரட்டிய பிறகு ஒன்று விளங்கியது. அளவுக்கு நிறுத்தப்பட்டவர் பேனாவை வாங்கிக்கொண்டால் இப்படித்தான் வரைவார். அளக்கும் கோல் தானே அளக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் புத்தகத்தை என் தராசில் நிறுக்க முடியாது, ஆனால் என் அலமாரியில் கோல்ட்ஸ்டினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஏனென்றால் கோல்ட்ஸ்டினும் அதே அநியாயத்தைத் தன் வழியில் சரிசெய்கிறார். அவருடைய சின்ன ஆளுக்குப் பெயரும் ஆசையும் உண்டு. 2019இல் வந்த ‘லே செதுவால்’, விண்மீன்களைப் பற்றிய புத்தகம், எங்கள் பக்கத்து ஊர்க்கதை. வில்லரேயிலிருந்து தெற்கே இறங்கி லிட்டில் இத்தாலியைத் தாண்டினால் மைல் எண்ட். அங்கே யாகோவ் என்ற ஹசீதிய யூதப் பையன், தங்கைகளைப் பூங்காவில் பார்த்துக்கொண்டே விண்வெளிக் கனவில் இருக்கிறான். அதே பூங்காவில் அதே கனவோடு ஆயிஷா என்ற முஸ்லிம் சிறுமி. இரண்டு வீட்டாருக்கும் இவர்களின் நட்பு பிடிக்கவில்லை. அந்தப் பூங்காவில் நடப்பவர்களைப் போன்றவர்களை நாங்கள் தினமும் வீதியில் காண்கிறோம். அண்டவெளி முழுவதற்கும் அளவாக அவர் நிறுத்தியது ஒரு விண்வெளி வீரரை அல்ல, இந்த இரண்டு பிள்ளைகளை. அவருடைய இன்னொரு புத்தகமான ‘அசாதா’வில் ஆப்கானிஸ்தான் சிறுமி ஒருத்தி பலூனில் எழும்புகிறாள். அங்கே கொல்லப்பட்ட ஜெர்மன் புகைப்படக்காரர் அன்யா நீட்ரிங்ஹவுஸின் நினைவில் பிறந்த கதை அது. அதற்கு 2017இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது கிடைத்தது.

மரம், பலூன், விண்மீன். கவனித்தீர்களா? பூமிக்குள் பார்க்கப் படித்த மனிதர் தன் பிள்ளைகளை எப்போதும் மேலே அனுப்புகிறார். அவர்கள் யாரும் கொடி நடுவதில்லை, எதற்கும் தங்கள் பெயரை வைப்பதில்லை. போய்ப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தேடல் பயணக் கதைகளில் இதைவிட நாகரிகமான பயணிகளை நான் கண்டதில்லை.

கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகிறார்கள். வீட்டில் பிரெஞ்சுப் புத்தகம் நுழைந்தால் தமிழ் வெளியே போய்விடும் என்று பயப்படும் பெற்றோர்கள் ழான் தலோன் வீதியில் துர்க்கை அம்மன் கோயிலுக்கு வரும்போது என்னிடம் குறைப்படுவார்கள். பயம் நியாயமானது. ஆனால் படம் எந்த மொழி? பேத்தியோடு கோல்ட்ஸ்டினைத் திறந்தால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழில்தான் நடக்கும்.

“அம்மப்பா, அந்தப் பெடியன் எங்கை?”

“நீயே தேடிப் பார், பிள்ளை.”

“இல்லை, ஒருத்தரும் இல்லை இதுக்குள்ளை... பொறுங்கோ, பொறுங்கோ. இந்தா! கண்டுபிடிச்சிட்டன்!”

அவள் கண்டுபிடித்தது அமெரிக்காக் கண்டம் அல்ல, இலைக்குள் இருந்த ஒரு பையன். ஆனால் கண்டுபிடிப்பின் முழு இன்பமும் அந்தக் குரலில் இருந்தது. தேடல் பயணப் புத்தகம் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது. பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும்.

இப்போது வருபவற்றில் மிச்சம் வைப்பதுதான் அருகிவிட்டது. இங்கே ஒழுங்கை முனைகளில் சிறுவர் புத்தகப் பரிமாற்றப் பெட்டிகள் உண்டு. அவற்றில் வந்து சேரும் புதிய அறிவியல் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். அட்டையில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று, பக்கத்தின் பாதி முகம், முகத்தின் பாதி கண். அதற்குப் பின்னால் சனிக்கோளோ எரிமலையோ சுவர் ஒட்டுப்படம்போல. பயணி உலகத்தைவிடப் பெரியவன் ஆகிவிட்டான். உள்ளே ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அம்புக்குறி, ஒரு பெட்டிச் செய்தி. கண் அலைய இடமில்லை. கணினியில் இழுத்தால் பெரிதாகும், விட்டால் சிறிதாகும் என்ற வசதி வந்த பிறகு, தூரத்து ஆளைத் தனியாக வரையும் கை ஓய்ந்துவிட்டது. பக்கத்து ஆளையே சுருக்கி ஒட்டுகிறார்கள். சுருக்கி ஒட்டிய ஆளின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிறது. தூரத்தில் பொத்தான் தெரியுமா?

தமிழ்ப் புத்தகங்களிலும் இதே நிலைதான். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் தொடங்கியபோது மட்டமான தாளில் வந்தது. ஆனால் உள்ளே இருந்த ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் கோடு பிள்ளையின் கண்ணை வளர்த்தது. இன்று வழவழப்பான ஆர்ட் தாளில், நாலு வண்ணத்தில், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்களோடு வரும் அறிவியல் புத்தகங்களைப் பார்க்கும்போது, தாளுக்குப் போட்ட காசில் பாதியை ஓவியருக்குப் பேருந்துக் கட்டணமாகக் கொடுத்து இடத்தைப் பார்த்து வர அனுப்பியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

வரைவதற்கு நம்மிடம் விஷயம் இல்லாமலில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்து வீரமுத்துவேல். இதில் ஓவியருக்கு அருமையான ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மனிதன் இல்லை. தரையிறங்கிய கலம் விக்ரமையும் அதிலிருந்து இறங்கிய ஊர்தி பிரக்யானையும் சந்திர மண்ணில் வரைந்தால் அளவுக்கு யாரை நிறுத்துவது? பிரக்யான் 26 கிலோ. ஏறத்தாழ எட்டு வயதுப் பிள்ளையின் எடை. வாசிக்கும் பிள்ளையையே அளவுகோலாக்கும் ஒரு படத்தை யோசித்துப் பார்க்கலாம். யோசிக்கும் ஓவியருக்குத்தான் அது வரும்.

இன்னும் கிட்டத்தில் கீழடி இருக்கிறது. அகழாய்வாளர்களும் நிலவியலாளர்கள் போலத்தான், கறுப்பு வெள்ளை அளவுகோலை வைக்காமல் குழியைப் படம் எடுக்கமாட்டார்கள். அடுக்கடுக்காய் இறங்கும் உறைகிணறும், குழியின் சுவரில் தெரியும் மண்படிவுகளும் கோல்ட்ஸ்டின் போன்ற ஒருவரின் கைக்கு ஏங்கி நிற்கின்றன. கீழடியைப் படப்புத்தகமாக்கப் போகும் ஓவியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அட்டையில் பெரிய முகம் வேண்டாம். குழியைப் பக்கம் முழுக்க வரையுங்கள். அதன் அடியில் கூடையோடு குந்தியிருந்து மண்ணை அள்ளும் உள்ளூர்ப் பெண்ணைச் சிறியதாக, சரியான அளவில் வையுங்கள். அவரை வெறும் அளவுகோலாக விட்டுவிடாமல், அவர் சம்மதத்தோடு, படத்தின் கீழே அவர் பெயரையும் போடுங்கள்.